வாங்கும் முன் துணியின் உள்பக்கத்தைத் திருப்புங்கள்

கிழிந்து போனதால் குப்பைக்குப் போகும் துணியை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிரித்துத் தைக்கச் சொல்லியும், 'யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அக்கா' என்று சொல்லியும் என் மேசைக்கு வருகிற துணிகளில் பெரும்பாலானவற்றில் நூல்கூடத் தேய்ந்திருக்காது. இடுப்பு இறுகிவிட்டது, ஜிப் ஓடவில்லை, அக்குளில் தையல் விட்டுவிட்டது, குழம்பு சிந்திவிட்டது, போன கல்யாணத்துக்கே உடுத்தியாகிவிட்டது. இவைதான் காரணங்கள். கடைசிக் காரணத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. மற்றவற்றுக்கு உண்டு.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படும் இளையவர்கள் கடைக்கு வந்தால், இயற்கைத் துணி எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பசுமைச் சீட்டு தொங்கும் புதுச் சட்டை வாங்குவதற்கு முன் அலமாரியில் இருப்பதை இன்னும் ஓராண்டு உடுத்துங்கள் என்பேன். இங்கிலாந்தில் 'ராப்' என்ற அமைப்பு 2012இல் ஒரு கணக்குப் போட்டது. ஓர் உடையை வழக்கத்தைவிட ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதனால் வரும் கரியமில வாயு, தண்ணீர்ச் செலவு, குப்பை ஆகிய மூன்றும் 20 முதல் 30 விழுக்காடு குறையும் என்றது. ஒன்பது மாதம் என்பது ஒரு தீபாவளியைத் தாண்டுகிற காலம், அவ்வளவுதான். ஒரே ஒரு பருத்தி டி-சட்டைக்குப் பருத்தி விளைவித்து, துணியாக்கி, சாயமேற்றி முடிக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் போகிறது. ஓர் ஆள் இரண்டரை ஆண்டு குடிக்கிற தண்ணீர் அது.

சாயத்தின் கதை நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் தொங்குகிற பனியன் துணிகளில் திருப்பூரிலிருந்து வந்தவையும் உண்டு. அங்கே சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மூன்று சட்டை பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று இரவுச் சந்தையில் கூவும்போது, அந்த விலையில் யாரோ எதையோ விழுங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வாங்கும்போது

கடையில் துணியை எடுத்தவுடன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் கடைக்காரர் உங்களுக்குக் காட்ட விரும்புவது. உள்பக்கத்தில்தான் தைத்தவரின் மனம் தெரியும்.

முதலில் பக்கத் தையலைப் பாருங்கள். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தில் போடும் இயந்திரத் தையல்) அடித்து, கால் அங்குலம்கூட விடாமல் வெட்டியிருந்தால் அந்தச் சட்டையைப் பிரித்துவிடவே முடியாது. நீங்கள் ஒரு சுற்றுப் பருத்தால் அதன் ஆயுள் முடிந்தது. தைத்துக்கொள்ளும் ரவிக்கைக்கு இதை வாய்விட்டே கேட்டு வாங்கவேண்டும். முன்பக்கம் இரண்டு ஓரம், பின்பக்கம் இரண்டு ஓரம், ஆக நான்கு ஓரங்கள். ஒவ்வொன்றிலும் 1 அங்குலம் விட்டால், கால் அங்குலத்தைத் தையலுக்கு வைத்துக்கொண்டு பிற்பாடு சுற்றளவில் 3 அங்குலம் தளர்த்தலாம். பிள்ளை பெற்ற உடம்புக்கும் அது போதும். துணி மிச்சப்படுத்துகிறேன் என்று அந்த ஓரத்தை வெட்டிப் போடும் தையற்காரரிடம் மறுபடி போகாதீர்கள். கைக்குழிக்கும் இதே விதிதான். அங்கே துணி விடாத ரவிக்கையின் பக்கத்தை மட்டும் தளர்த்தினால் கை தூக்கும்போது தோள் பிடிக்கும்.

பிறகு, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நெசவு அடர்த்தியாக இருக்கிறதா என்று தெரியும். தையலை இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். நூல் பல்லிளித்தால் வைத்துவிடுங்கள். ஜிப்பை ஏற்றி இறக்குங்கள். கோடு போட்ட துணியில் பக்கத் தையலில் கோடுகள் பொருந்தியிருந்தால் தைத்தவருக்கு அவசரம் இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட துணி பெரும்பாலும் ஏமாற்றாது.

பட்டு என்று சொல்லி விற்கும் சேலைக்கு ஒரு சோதனை உண்டு. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழை கேட்டு வாங்கி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பாக, கெட்டியான மணியாக நிற்கும். இழை தர மறுக்கும் கடைக்காரரிடமிருந்து பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

பாலியஸ்டரே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டப் போகிறவருக்கு வியர்வையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும் துணி வேண்டும். கால்சட்டையின் அடிக்கவட்டைத் தைக்கப் பருத்தி நூலைவிடப் பாலியஸ்டர் நூல்தான் தாங்கும். ஆனால் அது மண்ணெண்ணெயின் உறவுக்காரப் பொருள். துவைக்கத் துவைக்க இழை உதிர்க்கும். பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ பாலியஸ்டர் துணியை ஒருமுறை இயந்திரத்தில் போட்டால் ஏறத்தாழ ஐந்து லட்சம் நுண்ணிழைகள் தண்ணீரோடு போகின்றன என்று கணக்கிட்டார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் துவைத்த தண்ணீர் நேராகச் சாக்கடையில் விழுகிறது. சாக்கடை ஆற்றுக்குப் போகிறது, பிளஸ் ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது, அதற்கப்புறம் கடல். ஆகவே பாலியஸ்டர் வாங்கினால் கொஞ்சமாக வாங்கி, குறைவாகத் துவையுங்கள்.

பழைய துணி விற்கும் பண்டல் கடைகளைப் பற்றிக் கேட்பார்கள். நல்ல இடம். ஜப்பான், கொரியா பக்கமிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளில் உறுதியான தையலும் கனமான பருத்தியும் கிடைக்கும். அக்குள், காலர், கவட்டை, இடுப்பு எலாஸ்டிக் இந்த நான்கையும் பார்த்துவிட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்துவிட்டு உடுத்துங்கள். ஆனால் ஐந்து வெள்ளிதானே என்று பத்து உருப்படி அள்ளிவந்து இரண்டை மட்டும் உடுத்துவது இரவுச் சந்தையில் அள்ளுவதற்குச் சமம்.

துணிக்குப் பதவி இறக்கம்

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் எல்லாருடைய துணிக்கும் ஒரே கொடிதான், ஆனால் துணிகளுக்குள் படிநிலை உண்டு. புதிது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். ஓராண்டு கழிந்தால் டவுனுக்குப் போக. அதன் பிறகு வீட்டுக்கு. வீட்டிலும் சாயம் போனால் வேலைக்காட்டுக்கு. அப்பாவின் முழுக்கைச் சட்டை கடைசியில் அம்மாவின் சேலைக்கு மேல் ஏறும், கொசுவுக்கும் ரப்பர் பாலுக்கும் தடுப்பாக. அதுவும் நைந்தால் கரித்துணி. ஒவ்வொரு படியிலும் துணி ஒரு சுற்று வாழ்ந்துவிட்டுத்தான் இறங்கும்.

இன்று இந்த ஏணி உடைந்திருப்பது நடுப்படியில். வீட்டில் உடுத்தத் தனியாக மலிவான டி-சட்டையும் கால்சட்டையும் புதிதாக வாங்குகிறோம். அதனால் அலுவலகச் சட்டை இறங்க இடமில்லாமல் அலமாரியிலேயே உட்கார்ந்து மஞ்சள் பிடிக்கிறது. வீட்டுத் துணி என்று எதையும் வாங்குவதில்லை என்று ஒரு முடிவு எடுத்துப் பாருங்கள். அதை மட்டும் செய்தாலே நீங்கள் வாங்கும் துணியின் அளவு கண்கூடாகக் குறையும். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவில்லாத வழி இல்லை.

தைப்பூசத்து மஞ்சள் துணிக்கு இறங்கும் படியே கிடையாது; மஞ்சளை யாரும் டவுனுக்கு உடுத்துவதில்லை. ஆண்டுதோறும் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகப் புது மஞ்சள் சேலை எடுப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விரதம் இருப்பவருக்கு உடை சுத்தமாக இருக்கவேண்டும், சரி. போன ஆண்டுச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தால் அது சுத்தம்தான். காவடி எடுக்கும் தம்பிமாருக்கு வேட்டியை உறவுக்குள் மாற்றிக்கொள்ளலாம். முருகன் யார் சேலை எந்த ஆண்டுச் சேலை என்று குறித்து வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளிச் சீருடையும் அப்படித்தான் கைமாறவேண்டிய துணி. ஆரம்பப் பள்ளிப் பெண்பிள்ளைகளின் கருநீலப் பினஃபோரை வாங்கும்போதே கீழ்மடிப்பு 3 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை வளர வளர அவிழ்த்து இறக்கலாம். பழைய மடிப்பின் கோடு தெரியும். வெள்ளைக் காடியை (வினிகர்) தண்ணீரில் கலந்து தடவி, துணி போட்டு இஸ்திரி வைத்தால் மடிப்புத் தழும்பு போகும். சாயம் வெளுத்த கோடு போகாது, அதன்மேல் அதே நிறத்தில் ஒரு நாடா வைத்துத் தைத்துவிடுங்கள்.

துவைப்பு, காய்ப்பு, கறை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்த்தார்கள். நான் கசக்காதீர்கள் என்கிறேன். துணியைத் தேய்ப்பது உடுத்துவதைவிடத் துவைப்பதுதான். ஒருமுறை கோயிலுக்கு உடுத்திய பருத்திச் சேலையைக் காற்றாட நிழலில் போட்டு மடியுங்கள், துவைக்க வேண்டியதில்லை. ஜீன்ஸும் அப்படியே. உள்ளாடையையும் வேலைத் துணியையும் மட்டும் நாள்தோறும் துவையுங்கள். சட்டைகளை உள்பக்கம் வெளியாகத் திருப்பிப் போட்டால் சாயம் நிற்கும். சோப்புத் தூளைப் பாதியாகக் குறையுங்கள். இந்தத் தூளில் நுரைக்கிற சரக்குகளில் பல செம்பனைக் கொட்டையின் எண்ணெயிலிருந்து எடுப்பவை. நம் ஊர்ச் சாலையில் லாரி லாரியாகப் போகும் குலைகள்தான் பாக்கெட்டாகத் திரும்பி வருகின்றன, கூடுதலாகக் கொட்டுவதில் யாருக்கும் லாபமில்லை, நமக்குக் கண்டிப்பாக இல்லை.

காசு போட்டு உலர்த்தும் டோபிக் கடைகள் (சலவைக் கடைகள்) இப்போது எல்லாத் தாமான் குடியிருப்புகளிலும் வந்துவிட்டன. மழைக்காலத்தில் வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலர்த்தியின் வடிகட்டியில் சேர்ந்திருக்கும் பஞ்சை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். அது அழுக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் சட்டை. வெயில் அடிக்கும் நாளில் கொடியில் போடுங்கள், எலாஸ்டிக்கும் பிழைக்கும்.

இனி கறை. எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படுவது மஞ்சள் கறை. குழம்பு விழுந்த இடத்தைச் சுரண்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு எண்ணெயை எடுங்கள். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்து நிற்கும். பயப்படாதீர்கள், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும், அலசினால் திரும்பும். பிறகு ஈரத்தோடு உச்சி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் உடைந்துவிடும். ஒரு நாள் போதாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். செம்பனைப் பழத்தின் செம்மஞ்சள் கறையும் இதே வைத்தியத்துக்குக் கேட்கும், அந்த நிறமும் வெயில் தாங்காது. இது பருத்திக்கு மட்டும். பட்டை வெயிலில் போட்டால் கறையோடு பட்டும் போகும்.

வாழைப்பால் கறைக்கு எந்த வைத்தியமும் இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தத் துணியை அடர்ந்த நிறத்தில் சாயம் தோய்த்துவிடுங்கள், அல்லது கறை மேல் ஒரு பூ பின்னுங்கள். ரப்பர் பால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் அலசினால் போய்விடும். உறைந்துவிட்டால் உரித்து எடுக்கவேண்டியதுதான். கம்பிக் கொடியின் துருக் கறை வெள்ளைப் பருத்தியில் பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள்.

பட்டுச் சேலைக்கு முதல் எதிரி நம் நாட்டுக் காற்றின் ஈரம். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்தால் உள்ளே ஈரம் சிக்கிப் பூஞ்சணம் பிடிக்கும், ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அதில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில் ஒடியும். அந்துருண்டை வைப்பவர்கள் ஜரிகையில் படாமல் துணியில் முடிந்து வையுங்கள். துவைக்கவேண்டிய நிலை வந்தால் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீர் நல்லது, இந்திய மளிகைக் கடையில் கிடைக்கும். பட்டு ரவிக்கைக்குள் மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்துத் தையுங்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். சேலை கிழிவது பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான். ஃபால்ஸ் வைத்துத் தைத்திருந்தால் அது தேயும், சேலை தப்பும். தேய்ந்த ஃபால்ஸை மாற்றலாம். புது ஃபால்ஸைத் தைக்குமுன் நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிச் சேலையை இழுக்கும்.

நீங்களே செய்யக்கூடியவை

11, 14, 16 எண் ஊசிகள் வீட்டில் இருக்கட்டும். மெல்லிய ரவிக்கைத் துணிக்கு 11, சாதாரணச் சட்டைக்கு 14, ஜீன்ஸுக்கு 16. இவை இயந்திர ஊசிகள். இயந்திரம் இல்லாதவருக்கு ஒரு கைத்தையல் ஊசியும் கறுப்பு, வெள்ளை, கருநீல நூலும் போதும். பொத்தான் தைக்கும்போது பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, நடுவில் தளர்ந்த நூலைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பொத்தான் துணியை இழுத்துக் கிழிக்காது.

ஆண்களின் சட்டையில் காலர்தான் முதலில் நையும். சட்டை முழுதும் நன்றாக இருக்கும், கழுத்தில் மட்டும் நூல் நீட்டும். காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிவைத்துத் தைத்தால் அது புதுக் காலர். இந்த வேலைக்கு இன்று யாரும் கேட்டு வருவதில்லை, ஆனால் செய்துகாட்டினால் வியக்காதவர் இல்லை. பிரிக்கும்போது கத்தரிக்கோலால் இழுக்காதீர்கள். மூன்று தையலுக்கு ஒன்றை வெட்டி, மறுபக்கத்து நூலை உருவினால் முழுதும் கழன்று வரும்.

கடைசிப் படி

பழைய பருத்திச் சேலைக்கு ஏணையைவிட நல்ல ஓய்வு கிடையாது. இப்போது கம்பிச்சுருள் தொட்டில்கள் வந்துவிட்டன, அவற்றிலும் தொங்குவது துணிதான். தூக்கிக் கட்டுமுன் வெளிச்சத்தில் பிடித்து நைந்த இடம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதற்கும் ஆகாத பருத்தியை மோட்டார் வர்க்‌ஷாப்புகள் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்ளும். பொத்தான், ஜிப் எல்லாம் வெட்டிவிட்டுக் கொடுங்கள். பாலியஸ்டர் துடைக்க உதவாது, தண்ணீரைத் தள்ளிவிடும். அதைத் தலையணைக்குள் திணிக்கலாம். பேரங்காடி வாசல்களில் இருக்கும் துணித் தொட்டிகளில் உடுத்தக்கூடியதை மட்டும், நன்றாகக் காயவைத்துக் கட்டிப் போடுங்கள். ஈரத் துணி ஒன்று விழுந்தாலும் மற்றவையும் பூஞ்சணம் பிடிக்கும். கொல்லையில் போட்டு எரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும்.

தாம்பூலப் பை பற்றியும் சொல்லவேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம் என்று கல்யாண வீட்டார் இப்போது துணிப்பை கொடுக்கிறார்கள், மணமக்கள் பெயரும் தேதியும் அச்சடித்து. நல்ல எண்ணம். ஆனால் ஒரே ஆண்டில் ஒரு வீட்டில் இருபது சேர்கின்றன, எதையும் யாரும் சந்தைக்கு எடுத்துப்போவதில்லை. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் செய்த கணக்குப்படி, சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை பருவநிலைக்கு நல்லது என்று சொல்ல அதை 131 முறையாவது எடுத்துப்போக வேண்டும். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பாட்டியின் நைந்த சேலைகளைக் கொண்டுவாருங்கள், சின்னச் சுருக்குப்பைகளாகத் தைத்துத் தருகிறேன். அச்சுக்கூலி மிச்சம். புதிதாகப் பருத்தியும் தேவையில்லை.

எதைக் கொண்டுவருவதானாலும் தீபாவளிக்கு முந்திய மாதம் கொண்டுவராதீர்கள். அந்த மாதம் என் கடையில் புதுத் துணி மூட்டைகளுக்கு நடுவே பழைய துணியைத் தேடுவதே பெரும்பாடு. அவசரத்தில் பிரித்தால் நல்ல துணியும் கிழியும். பொங்கல் கழிந்த பிறகு வாருங்கள். துவைத்துக் கொண்டுவாருங்கள். பிரித்துவிடவேண்டிய ரவிக்கையோடு, இப்போது உங்களுக்குச் சரியாக இருக்கும் ஓர் அளவு ரவிக்கையும் கையோடு இருக்கட்டும்.